அரிவாளும் கம்பும்

ஈரப் போர்வையின் கனம் அதைத் தூக்கியவளுக்குத்தான் தெரியும். காய்ந்தபின் ஒரு விரலில் தொங்கவிடலாம். இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது பிணம் மாதிரி இழுக்கும். காலை ஐந்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை ஆஸ்பத்திரிப் போர்வைகளை இழுத்து, உதறி, சூட்டு உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்குவது என் வேலை. வலி முதலில் மணிக்கட்டில் பிடிக்கும். பிறகு முழங்கை, தோள், கடைசியில் காதுக்குப் பின்னால் ஒரு குத்து. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குவளையை ஒரு கையால் தூக்க முடியாது. இரண்டு கையாலும் பிடித்துச் சின்னப் பிள்ளை மாதிரி குடிப்பேன்.

யாரும் பாவப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்துக்கு இந்த வலியைத்தான் சாக்காக வைத்திருந்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, அதே லாண்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். ஒன்பது வயதில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவள் போனதால் தம்பி பள்ளிக்கூடம் போனார். தம்பிக்குப் பத்தாவது வரை படிப்பு, அக்காவுக்குக் கைநாட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் கணக்கு எங்கே வந்து நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எழுத்து தெரியாதே தவிர, லாண்டரியில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மூட்டைகளின்மேல் வார்டு எண்ணை மையால் எழுதி அனுப்புவார்கள். மற்றவர்கள் எண்ணைப் படித்துப் பிரிப்பார்கள், அவள் உருவத்தைப் பார்த்துப் பிரிப்பாள். ஒன்று என்றால் கம்பு. நான்கு நாற்காலி. ஏழு அரிவாள். எட்டு, ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தை. இன்றைக்கும் நாங்கள் எல்லோரும் பதினேழாம் வார்டு மூட்டையைக் கம்பரிவாள் என்றுதான் கூப்பிடுகிறோம். விசில் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் மேற்பார்வையாளரே அப்படித்தான் கத்துவார்: "ஏம்மா, கம்பரிவாள் இன்னும் கிளம்பலயா?"

ஒரு நாள் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்து, எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள்.

முதல் வாரம் முழுவதும் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீ எட்டாவது வரைக்கும் படிச்சவதானே?"

"எட்டாவது பெயில், அண்ணி."

"பெயிலானா படிச்சது இல்லன்னு ஆயிடுமா? எனக்கு தெனம் ஒரு சங்கீதம் வாசிச்சுக் காட்டு. ஒண்ணுல ஆரம்பிச்சு நூத்தம்பது வரைக்கும். வரிசையா."

"ஞாயித்துக்கிழமை போதகர் வீட்டுக்கு வந்து வாசிக்கிறாரே?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சாப்பிட்டுட்டு ஆறு நாள் ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்க முடியுமா? அவரும் அவருக்குப் பிடிச்ச துண்டாத்தான் எடுத்துக் குடுக்குறார். நாப்பது வருசமா துண்டு துண்டாத்தான் கேட்டிருக்கேன். ஒரு தடவையாவது முழுத்துணியையும் பாக்கணும்."

சரி என்றேன். அவள் கேட்டு மறுக்கிற நிலையில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வருவேன். முகம் கழுவி, அவளைச் சாய்த்து உட்கார வைத்து, நானும் கட்டிலில் ஏறிச் சுவரில் முதுகைச் சாய்த்து அவள் பக்கத்தில் உட்காருவேன். பெரிய எழுத்துப் பைபிள், கனமானது. என் கை தாங்காது. அதனால் பாதி என் மடியிலும் பாதி அவள் மடியிலும் கிடக்கும். இடது பக்கத்தை அவள் பிடித்துக்கொள்வாள். எண்ணைச் சொல்லி வாசித்து முடிப்பேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுப்பாள். உள்ளே பொத்தான்கள். நோயாளிகளின் சட்டையிலிருந்து கழன்று லாண்டரித் தரையில் விழுந்தவை. இருபத்தாறு வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்தவை. ஒரு பொத்தானை எடுத்துக் கெட்டி நூலில் கோப்பாள். ஒரு சங்கீதத்துக்கு ஒரு பொத்தான்.

சபையிலிருந்து பார்க்க வந்த அம்மா ஒருத்தி அதைக் கண்டு முகம் சுளித்தாள். "என்னக்கா இது, ஜெபமாலையா? நம்ம சபையில கிடையாதே!"

"ஜெபமாலை இல்லம்மா, வருகைப் பதிவேடு. இவ வந்தாளான்னு நான் போடுறேன்" என்று என்னைக் காட்டினாள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

முப்பத்தாறு நாள் ஒழுங்காக வாசித்தேன். ஒழுங்காக என்றால், கரண்ட் பில்லைப் படிப்பது மாதிரி. வாய் வாசிக்கும், மனசு அடுப்பில் என்ன வைப்பது என்று யோசிக்கும். அவள் அப்படிக் கேட்கவில்லை. நடுவில் நிறுத்துவாள். "அதை இன்னொரு தடவை சொல்லு" என்பாள். சில சமயம், "இந்த ஆளுக்கும் தூக்கம் வரலயாம் பாரு" என்பாள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

முப்பத்தேழாம் நாள், என்னோடு மடிப்பவள் வேலைக்கு வரவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்தேன். வீட்டுக்கு வந்து முப்பத்தேழாம் சங்கீதத்தைத் திறந்தால் நாற்பது வசனம். கண்ணில் நீர் வந்துவிட்டது. தாள்களை ஒரு கத்தையாகப் பின்னால் தள்ளினேன். நூற்றுப் பதினேழில் கண் நின்றது. இரண்டே வசனம். பைபிளில் அதைவிடச் சின்ன அதிகாரம் இல்லை.

"முப்பத்தேழாம் சங்கீதம்" என்று சொல்லி அந்த இரண்டு வசனத்தையும் வாசித்து ஆமென் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"சின்னச் சங்கீதம், அண்ணி."

"ம்" என்றாள். டப்பாவைத் துழாவி ஒரு பொத்தானைக் கோத்தாள். கறுப்பு. அதுவரை எல்லாம் வெள்ளை. வெள்ளை தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். மறுநாள் மறுபடி வெள்ளைதான் கோத்தாள். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஒரு தடவை செய்த காரியம் இரண்டாம் தடவை உறுத்தாது. பக்கம் நீளமாக இருந்தால் நூற்றுப் பதினேழு. கை வீங்கினால் நூற்றுப் பதினேழு. விசிலிடம் திட்டு வாங்கினால் நூற்றுப் பதினேழு. ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணைச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் "ம்" என்பாள்.

ஒரு நாள் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று காலை அவளை டாக்டரிடம் கொண்டுபோயிருந்தோம். எலும்பு கூடவில்லை, இனிமேல் பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, நானும் வீட்டுக்காரரும் சமையலறையில் நின்றோம். அவர் தச்சுவேலை செய்பவர். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இருப்பது அவரே அடித்த பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும்.

"இப்படியே எத்தனை நாள்?" என்று கேட்டேன். "நானும் மனுஷிதானே? சபையில முதியோர் இல்லம் ஒண்ணு நடத்துறாங்களாமே. அங்க சேத்துட்டா அவங்களுக்கும் நல்லது."

அவர் கையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வாசிக்கட்டுமா அண்ணி?"

"உனக்கு முடிஞ்சா வாசி."

அன்றைக்கும் இரண்டு வசனம்தான்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நூற்றுப் பதினாறு முடிந்த அன்று ராத்திரி கூட எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் லாண்டரியில் கம்பரிவாள் மூட்டையைத் தூக்கும்போதுதான் சுரீர் என்றது. இன்றைக்கு நூற்றுப் பதினேழு. நான் முன்கூட்டியே எடுத்துத் தின்ற சங்கீதம், இன்று தன் சொந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் அதைப் பல தடவை கேட்டிருக்கிறாள். வாசித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

உருளையில் போர்வை மாட்டிக்கொண்டது. விசில் கத்தினார். நான் வேலை நேரம் முழுவதும் அதையேதான் யோசித்தேன். கடைசியில் வழி கிடைத்தது. நூற்றுப் பதினெட்டை நூற்றுப் பதினேழு என்று சொல்லி வாசித்துவிட வேண்டும். அதற்கடுத்த நாள் யாருக்குத் தெரியப் போகிறது? அவளுக்கா எழுத்து தெரியும்?

மூன்று மணி. சுவரில் சாய்ந்தேன். புத்தகம் இரண்டு மடியிலும். "நூத்திப் பதினேழாம் சங்கீதம்" என்று சொல்லி நூற்றுப் பதினெட்டின் முதல் வசனத்தைத் தொடங்கினேன்.

அவள் கை வந்தது. இருபத்தாறு வருஷம் சலவைச் சோடாவில் ஊறி நகம் மழுங்கிப்போன விரல். அது என் வரியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறி, ஒரு எண்ணின் கீழ் நின்றது.

"இதைத் தாண்டிட்டியே" என்றாள்.

"எது அண்ணி?"

"கம்பு, கம்பு, அரிவாள்."

விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு.

"இது என்னடா, எந்த நாள் பாத்தாலும் இவ கண்ணுல கம்பு கம்பு அரிவாள் மட்டும்தான் படுதுன்னு இருந்தேன். இன்னிக்கு அதோட நாள். இன்னிக்குப் பாத்து அதைத் தாண்டுற." புத்தகத்தைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் அந்த இரண்டு வசனத்தையும் சொன்னாள். எல்லா ஜனங்களும் கர்த்தரைத் துதிக்கட்டும் என்று தொடங்கி, அவருடைய உண்மை என்றைக்கும் நிற்கும் என்று முடிகிறவரை ஒரு சொல் பிசகவில்லை. என் குரலில் எங்கே மூச்சு வாங்குமோ அங்கே நிறுத்திச் சொன்னாள்.

"எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே சங்கீதம் இதுதான்" என்றாள். "உன் புண்ணியம்."

அவள் எண்களை உருவமாகப் பார்ப்பவள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தினமும் கம்பரிவாள் என்று சொல்லித்தானே மூட்டை தூக்குகிறேன்? களைப்பில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவார்கள். ஆனால் அது உண்மை இல்லை. எழுத்து தெரியாதவளுக்கு ஒன்றும் தெரியாது என்று என் மனசின் அடியில் ஒரு எண்ணம் கிடந்திருக்கிறது. என்னைப் படித்தவள் என்று மதித்தது இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளையே நான் அப்படி நினைத்திருக்கிறேன்.

"நம்ம லாண்டரியில ஒருத்தியைத் துரத்தினாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "துவைக்காத போர்வையை மடிச்சு, துவைச்சதோட வச்சவ. அவளைப் புடிச்சுக் குடுத்தது யாரு?"

"நீங்கதான் அண்ணி."

"மோந்து பாத்தே சொன்னேன். எனக்கே மடிச்சு வச்சியே, பதினோரு தடவை."

"மொத நாளே தெரியுமா?"

"பக்கத்துக்கு அடையாளம் வச்ச நாடா ஒரு இடத்துல கிடக்குது, நீ ஒரு கத்தை தாளைத் தள்ளிக்கிட்டு எங்கயோ போற. நான் இடுப்புதான் ஒடஞ்சவ. கண்ணுமா ஒடஞ்சிருக்கு?"

"அப்பவே கேட்டிருக்கலாமே அண்ணி. ஏன் கேக்கல?"

அவள் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உன் கை வீங்கியிருந்துச்சு. அது ஒண்ணு" என்றாள். "இன்னொண்ணு, கேட்டா அந்த ரெண்டு வசனமும் நின்னுடுமோன்னு பயம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டு எனக்குப் பழக்கம். என் வீட்டில், என் கட்டிலில், தான் வளர்த்த தம்பியின் சம்பாத்தியத்தில் கிடக்கும் ஒரு மனுஷி, நான் வீசின இரண்டு வசனமும் நின்றுவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு மேல் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போர்வையை ஒழுங்குபடுத்துகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தலையணைக்கு அடியிலிருந்து நூலை எடுத்து என் மடியில் போட்டாள். "எண்ணிப் பாரு. கறுப்பு எந்தெந்த இடத்துல இருக்குன்னு பாத்துக்கோ. அதெல்லாம் எனக்கு வரவேண்டியது."

எண்ணினேன். முப்பத்தேழு. நாற்பத்து நான்கு. ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. எழுபத்தொன்று. எழுபத்தெட்டு. எண்பத்தொன்பது. நூற்றைந்து, நூற்றாறு. எல்லாம் நீளமானவை. திருடியின் ருசி ஒரே மாதிரி.

அன்றிலிருந்து அன்றன்றைய சங்கீதம் மூன்று மணிக்கு. பழைய பாக்கி விடுமுறை நாட்களில். பாக்கியை இனிமேல் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்காரரின் சின்னப் பைபிளை லாண்டரிக்கு எடுத்துப்போய், தேநீர் இடைவேளையில் முன்னாலேயே ஒரு தடவை படித்துப் பார்ப்பேன்.

"என்னடி, ஊழியத்துக்குக் கிளம்பிட்டியா?" என்று பக்கத்தில் மடிப்பவள் கேட்டாள்.

"இல்ல, பெயிலான பரீட்சையை மறுபடி எழுதுறேன்."

"பாஸாயிட்டா எங்களுக்கும் சொல்லு, மிட்டாய் வேணும்."

ஒரு பாக்கி தீர்ந்தால் அந்தக் கறுப்புப் பொத்தானைத் தம்பியின் குறடால் நொறுக்கி நூலிலிருந்து உதிர்ப்பாள். வெள்ளையைக் கோக்கலாமே என்றேன். "இடம் காலியாவே கிடக்கட்டும்" என்றாள். "தெரியணும்ல." எழுபத்தெட்டாம் சங்கீதம் எழுபத்திரண்டு வசனம். இரண்டு நாளாகப் பிரித்து வாசித்தேன். செய்த நன்மையை மறந்துவிட்டு மறுபடி மறுபடி முறுமுறுக்கிற ஜனங்களைப் பற்றியது. நடுவில் அவள், "இவங்க நம்ம சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள். சிரிக்க முயன்றேன். சரியாக வரவில்லை.

பத்துப் பொத்தான்களை நொறுக்கியாகிவிட்டது. எழுபத்தொன்று மட்டும் நிற்கிறது.

அதைப் பாக்கி வரிசையில் அதன் முறை வந்தபோதே தேநீர் இடைவேளையில் படித்தேன். வயதானவர் ஒருவர் கேட்கிறார். வயசாகிவிட்டது, என்னைத் தள்ளிவிடாதேயும் என்கிறார். பெலன் ஒடுங்குகிறது, கைவிடாதேயும் என்கிறார். கொஞ்சம் தள்ளி, தலை நரைத்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் அதையே கேட்கிறார். என் டீ ஆறிப்போனது. அதை எந்த நாளில் தாண்டினேன் என்று விரல்விட்டு எண்ணினேன். டாக்டரிடம் போய் வந்த நாள். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று முதியோர் இல்லம் என்று நான் சொன்ன நாள். அன்று அவளுக்கு வரவேண்டியிருந்தது இதுதான்.

தினமும் வரிசையாக வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். நாமாகத் தேடி எடுத்தால் நமக்கு இதமான பக்கத்தைத்தான் எடுப்போம். வரிசையாக வாசித்தால், நாம் எடுக்க மாட்டாத பக்கம் தன் நாளில் தானாக வந்து நிற்கும். அன்று நான் ஒழுங்காகத் திறந்திருந்தால், சமையலறையில் சொன்ன சொல் வாயில் ஆறுவதற்குள் அந்தப் பக்கம் என் முகத்தில் அறைந்திருக்கும். மறுபடியும் உள்ளே போய், நான் சொன்னது தப்பு என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவளுக்கும், தனக்காக ஒருவர் முன்பே அழுதிருக்கிறார் என்று தெரிந்திருக்கும். நான் அதை எடுத்து ஒளித்துவிட்டு இரண்டு வசனத்தைக் கொடுத்தேன்.

இப்போது வாசிக்க வேண்டியதுதானே? வாசித்தால் அந்த வரியில் என் குரல் உடையும். உடைந்தால் அவள் என்னைப் பார்ப்பாள். அன்று தடுப்பு வழியாக அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் பார்த்தால் தெரிந்துவிடும்.

நூற்றைம்பதையும் முடித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறோம். நேற்று புத்தகத்தை மூடும்போது கேட்டாள்.

"அரிவாளும் கம்பும் எப்போ?"

"கை வலிக்குது அண்ணி. இன்னொரு நாள்."

"வாசிக்கிறதுக்குக் கை எதுக்கு? புத்தகத்தை நான் பிடிச்சுக்குறேன்."

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவளும் விட்டுவிட்டாள். நூலைச் சுற்றித் தகர டப்பாவில் வைத்தாள். வெள்ளைகளுக்கு நடுவில் ஒரே ஒரு கறுப்பு. என் நாத்தனாருக்கு நான் எழுபத்தோராம் சங்கீதம் பாக்கி. இருபத்து நான்கு வசனம், இன்னும் கொடுக்கவில்லை.